அடுத்த கர்ப்பத்துக்கு முன், நோயுற்ற குழந்தையின் மரபணுச் சோதனை

மரபணு ஆலோசனைக்கு வரும் தம்பதியரில் பலர், முதல் குழந்தையைப் பறிகொடுத்து, அடுத்த கர்ப்பம் மூன்று மாதத்தைத் தொட்ட பிறகே வருகிறார்கள். பை நிறைய எக்ஸ்ரேக்களும் ரிப்போர்ட்டுகளும் இருக்கும். இறந்த குழந்தைக்கு மரபணுச் சோதனை மட்டும் செய்யப்பட்டிருக்காது. எந்த மரபணுவில் எந்தப் பிழை என்று தெரியாமல், வயிற்றிலுள்ள சிசுவிடம் எதைத் தேடுவது?

எஸ்.எம்.ஏ. எனப்படும் முதுகுத்தண்டுத் தசைநலிவு நோயில் இதை அடிக்கடி காண்கிறேன். அதன் தீவிர வகையில், ஆறு மாதத்துக்குள்ளாகவே குழந்தை துவண்டுவிடும். தலை நிற்காது, நாக்கு மெல்லத் துடித்துக்கொண்டிருக்கும், ஆனால் கண்கள் மட்டும் தாயின் முகத்தைத் தெளிவாகப் பின்தொடரும். கடைசியில் நிமோனியா என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவதும் உண்டு.

இந்நோய்க்குக் காரணமான எஸ்.எம்.என்.1 மரபணு 5ஆம் குரோமோசோமில் இருப்பது 1995இல் கண்டறியப்பட்டது. நோயாளிகளில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு, தாய்வழியாகவும் தந்தைவழியாகவும் வரவேண்டிய இரு பிரதிகளிலும் இதன் ஒரு பகுதி இருப்பதில்லை. அருகிலேயே ஏறக்குறைய இதேபோன்ற எஸ்.எம்.என்.2 இருப்பதால், மரபணுக்களின் முக்கியப் பகுதிகளை ஒட்டுமொத்தமாகப் படிக்கும், அதிகச் செலவில் செய்யப்படும் எக்ஸோம் சோதனைகூட இக்குறையைத் தவறவிடக்கூடும். பிரதிகளை எண்ணிச் சொல்லும் எம்.எல்.பி.ஏ. சோதனையே முதலில் செய்யத்தக்கது.

"எங்க பரம்பரையில யாருக்குமே இப்படி இல்லையே, டாக்டர்" என்று மாமியார் மருமகளைப் பார்த்தபடி சொல்வதுண்டு. பெற்றோர் இருவரும் ஆளுக்கொரு பழுதான பிரதியைச் சுமக்கும்போதுதான் பொதுவாக இந்நோய் வருகிறது என்பதால், பழியை மருமகள் தலையில் போட இடமே இல்லை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் மணந்தால் இத்தகைய நோய்களுக்கான வாய்ப்பு கூடும் என்றாலும், எஸ்.எம்.ஏ. அந்நியத்தில் மணந்தவர்களின் பிள்ளைகளுக்கும் வருகிறது.

குழந்தை வென்டிலேட்டரில் இருக்கும்போது இரத்தம் கேட்பது கொடுமையாகத் தோன்றும்; ஆனாலும் கேட்கிறேன். ஊதா மூடிக் குழாயில் இரண்டு மில்லி போதும், முடிந்தவரை இரத்தம் ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். சோதனைக்கு அப்போதே பணம் இல்லாவிட்டால், டிஎன்ஏவைப் பிரித்துப் பல ஆண்டுகள் பாதுகாத்து வைக்கலாம். குழந்தை இறந்துவிட்டிருந்தால் பெற்றோரைச் சோதிக்கிறோம். ஆனால் சிலருக்கு இரு நல்ல பிரதிகளும் ஒரே குரோமோசோமில் அமைந்து, அதன் இணையில் ஒன்றும் இல்லாதிருப்பதால், எண்ணிக்கை சரியாகத் தெரிந்து, பழுதைச் சுமந்தும் முடிவு இயல்பாகவே வந்துவிடும். காரணம் உறுதியான குடும்பத்துக்கு, 11ஆம் வாரத்துக்குப் பின் நஞ்சுக்கொடித் திசுவைச் சோதித்துச் சொல்ல முடியும். பெற்றோரின் உடன்பிறந்தவர்களும் அதே ரிப்போர்ட்டின் நகலோடு வந்து, தம் குழந்தைப்பேற்றுக்கு முன் சோதித்துக்கொள்ளலாம்.