குளோன் செய்த டிஸ்க் பூட் ஆகவில்லையா? பழைய டிஸ்கில் கை வைக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் லேப்டாப் பழுதுபார்க்கிறேன். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போடும் வேலைதான் இப்போது அதிகம். வீட்டிலேயே குளோன் செய்துவிட்டு (பழைய டிஸ்கில் உள்ளதை அப்படியே புதியதில் நகலெடுப்பது), லேப்டாப் எழுந்திருக்கவில்லை என்று பதறி வருகிறவர்களும் உண்டு. அவர்களில் சிலர் அதற்குள் பழைய டிஸ்கை ஃபார்மட் செய்திருப்பார்கள். அது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

குளோன் பூட் ஆகாததால், அதாவது அதிலிருந்து விண்டோஸ் தொடங்காததால், கோப்புகள் போய்விட்டன என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் எல்லாம் பத்திரமாக வந்திருக்கும். விண்டோஸ் 8 காலம் தொட்டு வந்த லேப்டாப்புகளில் அநேகமாக ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று டிஸ்கில் ஒரு பகுதி தனியாக இருக்கும். 100 எம்பி போல இருக்கும், எக்ஸ்ப்ளோரரில் தெரியாது. விண்டோஸைத் தொடங்கிவைக்கும் கோப்புகள் அதில்தான் உள்ளன. சி டிரைவை மட்டும் தேர்ந்து குளோன் செய்தால் இது விட்டுப்போகும்.

தமிழ்ப் பள்ளிக் கணக்கையும் பரீட்சைத் தாள்களையும் லேப்டாப்பில் வைத்திருந்த ஓர் அக்காவுக்கு நடந்தது இதுதான். அழாத குறையாக வந்தார். பழைய டிஸ்க் அப்படியே கைப்பையில் இருந்தது. முழு டிஸ்கையும் தேர்ந்து மறுபடி குளோன் செய்தோம், விண்டோஸ் வந்துவிட்டது. பழையது இல்லாவிட்டாலும் வழி உண்டு: விண்டோஸ் யூஎஸ்பியில் பூட் செய்து, ஈஎஃப்ஐ பார்ட்டிஷனைப் புதிதாக உருவாக்கி, தொடக்கக் கோப்புகளை அதில் எழுதும் பிசிடிபூட் கட்டளையைக் கொடுக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் அதைத் தனியாகச் செய்ய வேண்டாம்.

இதைவிட ஆபத்தானது ஒன்று இருக்கிறது. குளோன் முடிந்ததும் இரண்டு டிஸ்கையும் மாட்டியபடியே லேப்டாப்பை ஆன் செய்வது. அப்படியே நகலெடுத்தால் இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றாகிவிடும். விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கி, பயன்படுத்த முடியாமல் செய்துவிடலாம்; அல்லது பழைய டிஸ்கிலிருந்தே பூட் ஆகும், நீங்களோ புதியதில் ஓடுகிறது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். அந்த நம்பிக்கையில் ‘மற்ற’ டிஸ்கைத் துடைத்தால் எது போகும் என்று சொல்ல முடியாது. ஆகவே முதல் பூட் புதிய டிஸ்க் மட்டும் உள்ளே இருக்கும்போது நடக்கட்டும். பிறகு டாஸ்க் மேனேஜரில் டிஸ்கின் மாடல் பெயரைப் பாருங்கள். புதிய டிஸ்கை வெளியே யூஎஸ்பி பெட்டியில் வைத்தே பூட் செய்து சோதிப்பதும் வேண்டாம். சாதாரண விண்டோஸ் அப்படி ஓடுவதற்காக அமைக்கப்பட்டதல்ல.

சாட்டா இணைப்பில் ஓடும் பழைய வகை டிஸ்கிலிருந்து, அதைவிட வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி-க்கு மாறும்போது நீலத் திரையில் பிழை வந்தால் ஒருமுறை சேஃப் மோடில் (அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் ஓடும் நிலை) நுழைந்து வெளியே வாருங்கள், பல நேரம் அதிலேயே சரியாகும். பயாஸில் (லேப்டாப் ஆன் ஆகும்போது நுழையும் அமைப்புத் திரை) ஏஹெச்சிஐ, ரெய்டு என்று இருக்கும் டிஸ்க் இணைப்பு முறையைக் குருட்டாம்போக்கில் மாற்றாதீர்கள். பழைய லேப்டாப்பில் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் இருந்தால், பயாஸில் உள்ள லெகஸி என்ற பழைய பூட் அமைப்பையும் அப்படியே விடுங்கள்.

டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் விஷயத்தில் அலட்சியம் கூடாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த பல லேப்டாப்புகளில் உரிமையாளருக்கே தெரியாமல் அது ஓடிக்கொண்டிருக்கும். டிஸ்கையோ பூட் அமைப்பையோ மாற்றியதும் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அது இல்லையென்றால் நானும் திறக்க முடியாது. வேலை தொடங்கும் முன்பே கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கென்று ஒன்று. லோட் ஷெட்டிங் (முறைவைத்து மின்வெட்டு) 2023 போல இப்போது இல்லைதான், ஆனாலும் கரண்ட் சொல்லிக்கொண்டு போவதில்லை. லேப்டாப் பேட்டரியில் ஓடும். சுவர் பிளக்கில் மாட்டிய டிஸ்க் டாக் (டிஸ்கை வெளியே செருகி இணைக்கும் கருவி) நின்றுவிடும், குளோன் பாதியில் அறுந்துபோகும். யூபிஎஸ் இல்லாதவர்கள் யூஎஸ்பியிலேயே மின்சாரம் எடுக்கும் கேபிளைப் பயன்படுத்துங்கள். பழைய டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டால் செக்டிஸ்க் என்ற விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கட்டளையை ஓட்டாமல், அணைத்துவிட்டு நேரே கொண்டுவாருங்கள்.