ஒகேனக்கலுக்குக் கட்டுச்சோறு கட்டாதீர்கள்

நீண்ட விடுமுறை வந்தால் ஒரு பக்கம் ஓசூர் வழியாகவும் இன்னொரு பக்கம் தொப்பூர் கணவாய் வழியாகவும் எங்கள் பகுதிக்குள் வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலானவை ஒகேனக்கலுக்குத்தான். காலையில் வந்து, அருவியில் குளித்து, பரிசலில் ஒரு சுற்றுப் போய், டப்பாவில் கொண்டுவந்த பிரியாணியைப் பாறைமேல் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவார்கள். தண்ணீர் கேன்கூட வீட்டிலிருந்தே வந்துவிடும். டீசல் போட்டது ஓசூரில், காலை டிபன் நெடுஞ்சாலை ஓட்டலில். கணக்குப் பார்த்தால் ஆற்றங்கரை ஊருக்கு அன்று கிடைத்தது வண்டி நிறுத்தும் கட்டணமும் மூட்டை மூட்டையாகக் குப்பையும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சிறு குழுக்களை அழைத்துக்கொண்டு போய் ஊர் காட்டுவது என் தொழில். பொறுப்பான சுற்றுலா என்றால் என்ன என்று என்னிடம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் பையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். குப்பை போடாமல் இருப்பது அடிப்படை மரியாதை, அதை நான் சுற்றுலாக் கொள்கை என்று எண்ணுவதே இல்லை. 2002இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் இதற்காக ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். மக்கள் வாழ்வதற்கு மேலும் நல்ல இடங்களாகவும், மக்கள் வந்து பார்ப்பதற்கு மேலும் நல்ல இடங்களாகவும் ஊர்களை ஆக்குவது என்பது அதன் சாரம். வாழ்கிறவர்கள் முதலில், வருகிறவர்கள் அப்புறம். நான் ஒவ்வொரு பயணத்தையும் இந்த வரிசையில்தான் போட்டுப் பார்க்கிறேன்: நீங்கள் செலவழிக்கும் பணத்தில் எவ்வளவு இந்த ஊரிலேயே தங்குகிறது?

அதனால்தான் கட்டுச்சோறு வேண்டாம் என்கிறேன். ஆடிப் பதினெட்டுக்குப் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு வரும் பக்கத்து ஊர்க் குடும்பங்களைச் சொல்லவில்லை, அது அவர்கள் வழக்கம், அவர்கள் ஆறு. வெளியூரிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிறவர்களைச் சொல்கிறேன். ஒகேனக்கலில் மீனை நீங்களே பார்த்து வாங்கிக் கொடுத்தால், அடுப்பு வைத்திருக்கும் பெண்கள் மசாலா தடவி வறுத்தும் கொடுப்பார்கள், குழம்பும் வைத்துத் தருவார்கள். கூலி எவ்வளவு, எண்ணெய் மசாலாவுக்கு எவ்வளவு, சோறு சேர்த்தா தனியா என்று முதலிலேயே பேசிக்கொண்டால் பின்னால் மனக்கசப்பு வராது. ஆற்று மீனா, வளர்ப்பு மீனா என்றும் கேளுங்கள், கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஐந்து பேர் சாப்பாட்டுக்கு 1500 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே பணத்தை நெடுஞ்சாலையில் இருக்கும் பெரிய சங்கிலி ஓட்டலில் கொடுத்தால் பரிமாறிய பையனின் சம்பளம் போக மற்றதெல்லாம் வேறு ஊர்க் கணக்குக்குப் போய்விடும். ஆற்றங்கரையில் கொடுத்தால் மீன் விற்றவருக்குக் கொஞ்சம், சமைத்த அக்காவுக்குக் கொஞ்சம், அவர் மிளகாய்த்தூளும் எண்ணெயும் வாங்குகிற பென்னாகரம் மளிகைக்கடைக்குக் கொஞ்சம் என்று பிரியும், அவர் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கும்போதும் அந்தப் பணம் பென்னாகரத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணன்களுக்கும் இதே கணக்குதான். பலர் பயந்துகொண்டு தவிர்க்கிறார்கள். தலைமுறையாகச் செய்கிற வேலை அது, கை எங்கே அழுத்த வேண்டும், எங்கே அழுத்தக் கூடாது என்று தெரிந்தவர்கள். முதுகுவலியோ மூட்டுவலியோ இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

பரிசலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, அடியில் முன்பு தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் விரிப்பு போட்டுத் தார் பூசுகிறார்கள். பாறை இடுக்கில், சுழிப்பில், எந்த மாதத்தில் எந்தப் பக்கம் நீர் இழுக்கும் என்பது ஓட்டுபவரின் உடம்பில் இருக்கிற அறிவு. ஆனால் அவர்களின் வருமானம் மழையைப் பொறுத்தது, அதுவும் இங்கே பெய்கிற மழையைப் பொறுத்தது இல்லை. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பிடித்து, கர்நாடகத்தில் கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் நிரம்பித் திறந்துவிட்டால், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீரின் அளவு ஏறும், ஒகேனக்கலில் பரிசல் நின்றுவிடும். சில வருடங்களில் ஆடி மாதம் முழுக்க இப்படியே போகும். தடை இருக்கும் நாளில் வந்தவர்கள் சிலர், "அண்ணா, கூடுதலா தர்றோம், அந்தப் பக்கமா கூட்டிட்டுப் போங்க" என்று கேட்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வீட்டில் அரிசி இல்லாதவரிடம் அப்படிக் கேட்பது மிகவும் தவறு. உங்கள் உயிரோடு சேர்த்து அவருடைய உரிமத்தையும் பணயம் வைக்கச் சொல்கிறீர்கள். தடை இல்லாத நாளில் வாருங்கள், சீட்டு வாங்கி, உயிர்காப்பு உடையை உண்மையாகவே மாட்டிக் கொக்கி போட்டு உட்காருங்கள் (மடியில் வைத்துக்கொண்டு போட்டோ எடுப்பதற்கு இல்லை அது), இறங்கும்போது ஓட்டியவர் கையில் தனியாக ஏதாவது கொடுங்கள். குறிப்பிட்ட கட்டணத்தில் பேரம் பேசாதீர்கள்.

இன்னொன்று, ஒகேனக்கல் என்பது அருவி மட்டும் இல்லை, காட்டுக்குள் இருக்கிற ஊர். சுற்றியிருக்கும் காடுகளில் 2014இல் காவேரி வடக்கு வனஉயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது, 2022இல் ஏறக்குறைய 686 சதுர கிலோமீட்டரில் காவேரி தெற்குச் சரணாலயமும் வந்தது. யானை, நீர்நாய், முதலை எல்லாம் இந்த ஆற்றை நம்பி இருக்கின்றன. மது பாட்டிலைப் பாறையில் போட்டு உடைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். அந்தப் பாறைமேல் செருப்பில்லாமல் நடப்பது பரிசல் ஓட்டிகளும் அவர்கள் பிள்ளைகளும், தண்ணீருக்கு வருகிற யானையும். குரங்குக்குச் சிப்ஸ் பாக்கெட் கொடுப்பதும் அப்படித்தான். நீங்கள் போன பிறகு அந்தக் குரங்கு கடைக்காரர் கையிலிருந்தும் குழந்தை கையிலிருந்தும் பிடுங்கும், கடிவாங்குவது ஊர்க்காரர்கள்.

சரி, ஆற்றை விட்டு வெளியே வருவோம். இந்த இரண்டு மாவட்டங்களிலும் வயலோரம், ஏரிக்கரை, புளியமரத்தடி என்று எங்கே பார்த்தாலும் நடுகல் கிடைக்கும். ஊர் மாட்டை மீட்கப் போய்ச் செத்தவன், புலியோடு சண்டை போட்டுச் செத்தவன் என்று ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் ஆள் இருக்கிறான். பழைய கற்கள் பலவற்றில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் அவன் பெயரும் அவன் ஊரும் அன்றைக்கு ஆண்ட மன்னனின் ஆட்சியாண்டும் இருக்கும். பல ஊர்களில் அந்த வீரன் வேடியப்பன் என்ற சாமியாகி இன்றும் பொங்கல் வாங்கிக்கொண்டிருக்கிறான். வரலாற்று ஆர்வத்தோடு வருகிறவர்கள் இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் தேய்ப்பது, மைதா மாவு பூசுவது, தண்ணீர் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் கழுவுவது எதுவும் வேண்டாம். காலையில் எட்டு மணிக்கு முன்போ மாலையில் வெயில் சாயும்போதோ போனால் பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுத்து தானாகவே எழும்பி நிற்கும், கைப்பேசி விளக்கைப் பக்கத்திலிருந்து சாய்த்துப் பிடித்தாலும் போதும். அதற்கும் முன்னால், அது யாருடைய குலசாமி, செருப்போடு போகலாமா, பெண்கள் எந்த எல்லைவரை போவது வழக்கம் என்று பூசாரியிடமோ வயல்காரரிடமோ கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் அவரே கூட வருவார், கல்வெட்டில் இல்லாத கதையும் சொல்வார். அவருக்கு அரைநாள் வேலை போயிருக்கும் என்பதை மறக்காமல் அதற்கான கூலியைக் கொடுங்கள். மல்லசந்திரத்தின் கல்திட்டைகளுக்குப் போனாலும் இதே முறைதான். பலகைக்கல்லின்மேல் ஏறி நின்று படமெடுக்காதீர்கள், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நின்ற கல் அது, உள்ளே இருந்தது ஒருவருடைய சமாதி. மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்த பிறகு அந்தப் பக்கம் வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். நல்லது, ஆனால் குழி தோண்டிப் பார்க்கவும் ஓடு பொறுக்கிப் பையில் போடவும் யாருக்கும் உரிமை இல்லை.

கூத்து விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. பங்குனியிலிருந்து வைகாசிவரை இங்கே பல ஊர்களில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைப்பார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் விடிய விடியக் கூத்து, அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் உயரமான கம்பத்தில் பாடிக்கொண்டே ஏறுவார், கடைசியில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் படுத்துக் கிடக்க, படுகளம் முடிந்து தீமிதி. விடுதி நடத்துகிற சிலர் என்னிடம், "விருந்தாளிங்க சாப்பிடுறப்போ இருபது நிமிஷம் கூத்து போட ஆள் கிடைக்குமா" என்று கேட்டிருக்கிறார்கள். நான் ஏற்பாடு செய்து தருவதில்லை. ஆனால் கூத்து வாத்தியாரே வந்து, நாங்கள் ஆடுகிறோம், கதை சொல்லிச் சிரிக்க வைக்கிற இந்தக் கட்டியங்காரன் பகுதியை இவ்வளவு நேரத்துக்கு, இவ்வளவு கூலிக்கு என்று அவரே முடிவு செய்தால் அதைத் தடுக்க நான் யார்? எதை ஆடுவது, எதைக் கோயில் வாசலுக்கு வெளியே எடுக்கக் கூடாது என்ற முடிவு குழுவின் கையில் இருக்க வேண்டும். வருடத்தில் சில மாதமே ஆட்டம் கிடைக்கிற கலைஞர்களுக்குக் கூடுதல் வருமானம் தேவைதான், அதை மறுக்கவில்லை.

என் குழுவை நான் ஊருக்கே அழைத்துப் போகிறேன். நாட்டாமையிடம் முன்பே சொல்லிவிட்டு, பாயை விரித்து ஊர் ஜனங்களோடு தரையில் உட்காருவோம். முகத்துக்கு நேரே பளிச்சென்று பிளாஷ் அடிக்கக் கூடாது, வேஷம் கட்டுகிற இடத்துக்குள் கேட்காமல் நுழையக் கூடாது, நடுவில் எழுந்து போவதானால் ஓரமாகப் போக வேண்டும். கோயிலுக்கு ஒரு தொகையும் கலைஞர்களுக்குத் தனியாக ஒரு தொகையும் கொடுப்போம், இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் சில சமயம் கலைஞர்களுக்குப் போய்ச் சேருவதில்லை.

வத்தல்மலை, சித்தேரி மாதிரி மலையூர்களுக்குப் போகிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. அங்கே இருக்கிற மலையாளி என்ற பழங்குடி மக்கள் (கேரளக்காரர்கள் இல்லை) சாமையும் காப்பியும் மிளகும் விளைவித்து வாழ்கிறவர்கள். வண்டியிலிருந்து இறங்கியவுடன் குழந்தைகளுக்குச் சாக்லெட் வீசுவதும் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் பாட்டியைக் கேட்காமல் படமெடுப்பதும் அன்பு இல்லை. சாமை அரிசி, தேன், மிளகு என்று அவர்கள் விற்பதை அவர்கள் சொல்கிற விலைக்கு வாங்குங்கள். மேலே பார்த்த அழகில் மயங்கி, இங்கே இரண்டு ஏக்கர் கிடைக்குமா என்று விசாரிக்கிறவர்களைக் கண்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். நிலம் கைமாறிய மலையில் அந்த மக்கள் கூலிக்காரர்களாகத்தான் மிஞ்சுவார்கள்.

கேரளத்தில் 2008 வாக்கில் குமரகம், வயநாடு, தேக்கடி, கோவளம் ஆகிய நான்கு இடங்களில் அரசே பொறுப்பான சுற்றுலாவைச் சோதனையாகத் தொடங்கியது. குமரகத்தில் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுக்களின் பெண்கள் காய்கறி பயிரிட்டுப் பக்கத்து ஓட்டல்களுக்குக் கொடுத்தார்கள், விலையையும் தரத்தையும் பேசி முடிக்கக் குழுக்கள் இருந்தன. இங்கே அதற்கு என்ன குறை? ராயக்கோட்டையில் தக்காளி மலைபோலக் குவிகிறது, போச்சம்பள்ளி சந்தையில் கிடைக்காத தானியம் இல்லை, தருமபுரிப் புளிக்கு என்றே ஒரு பெயர் உண்டு, கிருஷ்ணகிரியில் செந்தூரா, பெங்களூரா மாங்காய்கள் காய்த்துக் கொட்டி, விலை கிடைக்காத வருடத்தில் விவசாயி சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார். அந்தச் சாலையிலேயே இருக்கிற விடுதியில் காலை உணவுக்கு அட்டைப்பெட்டி மாம்பழச் சாறு வைக்கிறார்கள். கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் கொள்ளுச் சாறும் கேளுங்கள் என்று என் குழுவினரிடம் சொல்கிறேன். இரண்டு, மூன்று பேர் தொடர்ந்து கேட்டால் நான்காவது வாரம் சமையலறைக்குக் களி கிண்டும் துடுப்பு வந்துவிடுகிறது, களி கிண்டத் தெரிந்த உள்ளூர் அம்மா ஒருவருக்கு வேலையும் கிடைக்கிறது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மாவட்டங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம், பல்லில் பழுப்புக் கறையோடும் வளைந்த கால்களோடும் இருக்கிறவர்களை இன்றும் பார்க்கலாம். காவிரி நீரை வீட்டுக் குழாய்க்குக் கொண்டுவர ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே இதற்காகத்தான். இப்படிப்பட்ட இடத்தில் நீச்சல் குளத்தோடு ஒரு விடுதி ஆழ்துளைக் கிணறு போட்டால், பக்கத்து நிலத்துக்காரரின் கிணற்றில் தண்ணீர் இறங்கும்.

அதனால் அறை பதிவு செய்யும் முன் போனிலேயே கேட்டுவிடுங்கள். சமையல் செய்கிறவர் எந்த ஊர், காய்கறி எங்கிருந்து வருகிறது, குளிக்கவும் குளத்துக்கும் தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள், குப்பையை யார் எடுத்துக்கொண்டு போகிறார்கள், வேலை செய்கிறவர்களில் எத்தனை பேர் பக்கத்து ஊர்க்காரர்கள். இரண்டு நிமிடத்தில் முடிகிற பேச்சு. நல்ல இடம் நடத்துகிறவர் இதைக் கேட்டால் சந்தோஷமாகப் பதில் சொல்வார், சமைக்கிற அக்காவின் பெயரையும் சேர்த்துச் சொல்வார். பதிலை மழுப்புகிற இடத்தில் நான் என் குழுவைத் தங்க வைப்பதில்லை, அறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.