ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கப் போகிறீர்களா? நெல்லை வெயிலையும் கணக்கில் சேருங்கள்

பங்குனி பிறந்துவிட்டால் பாளையங்கோட்டையில் இருக்கும் எங்கள் பேட்டரிக் கடைக்கு இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். பேட்டரி இறங்கிய வண்டியைக் கிளப்பும் கையடக்கப் பெட்டிதான் ஜம்ப் ஸ்டார்ட்டர். ஆன்லைனில் பார்த்த அதன் படத்தை போனில் காட்டி, "அண்ணாச்சி, 2000 ஆம்பியர்னு போட்டிருக்குல்லா, நம்ம வண்டிக்குக் காணுமா?" என்பார்கள். வண்டி பெட்ரோலா டீசலா, எத்தனை சிசி, பகலில் எங்கே நிறுத்துவீர்கள், வாங்கியதை எங்கே வைப்பீர்கள் என்று நான் கேட்பேன். கடைசிக் கேள்விக்கு அநேகமாக எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "டேஷ்போர்டு பெட்டியில போட்டு வைக்க வேண்டியதுதான்." இந்த ஊர் வெயிலில் அது ஆபத்து. பெட்டியில் அச்சடித்த ஆம்பியரைவிட நமக்கு முக்கியம், அந்தப் பொருள் சூட்டைத் தாங்குமா, அதை எங்கே வைத்துக் காப்பாற்றப் போகிறோம் என்பதுதான்.

முதலில், இது யாருக்குத் தேவை? டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் மட்டும் போய்வரும் கியர் வண்டிக்குத் தேவையில்லை. நாலு பேர் தள்ளினால் இரண்டாவது கியரில் கிளம்பிவிடும். டிக்கியில் நல்ல ஜம்பர் கேபிள் ஒன்று கிடந்தால் பக்கத்து வீட்டு வண்டியே போதும். ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளிக் கிளப்ப முடியாது, அவர்களுக்குத் தேவை. மாஞ்சோலை, காரையார் பக்கம் போகிறவர்களுக்கும், நாங்குநேரி தாண்டி ராத்திரியில் தனியாக வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் தேவை. இன்னொரு கூட்டம் இருக்கிறது. மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் வீட்டுக்காரர் வளைகுடாவில் இருப்பார், வண்டி உறை போட்டு மாதக்கணக்கில் நிற்கும். "அவுக அடுத்த வாரம் வாராவ, வண்டி செல்ஃபே எடுக்க மாட்டேங்கு" என்று அங்கிருந்து போன் வராத விடுமுறைக் காலமே கிடையாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். பேட்டரி வாங்கி நாலு வருஷம் ஆகி, காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால், அந்தக் காசுக்குப் பேட்டரியை மாற்றுங்கள். செத்த பேட்டரியை ஜம்ப் ஸ்டார்ட்டர் பிழைக்க வைக்காது, அந்த ஒரு தடவை இன்ஜினைச் சுற்றிவிடும், அவ்வளவுதான்.

சரி, ஆம்பியர் கணக்குக்கு வருவோம். 1200 சிசி பெட்ரோல் இன்ஜினின் செல்ஃப் மோட்டார் சுழல 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். டீசலில் கம்ப்ரஷன் அதிகம் என்பதால் 300, 400 வரை போகும். அப்படியென்றால் 2000 எதற்கு? பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் 'பீக்' ஆம்பியர் என்பது கண் இமைக்கும் நேரத்துக்கு மட்டும் பாயும் உச்ச அளவு. அதை எல்லாக் கம்பெனியும் ஒரே முறையில் அளந்து போடுவதில்லை. வண்டி பேட்டரியில் எழுதியிருக்கும் சிசிஏ என்ற அளவும் நமக்குப் பெரிதாக உதவாது. மைனஸ் 18 டிகிரி குளிரில், 30 விநாடி, 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் பேட்டரி எவ்வளவு ஆம்பியர் கொடுக்கும் என்பதுதான் அது. பனிநாட்டுக்குத் தேவையான அளவு. மார்கழி விடியலிலும் நம்ம ஊர்ச் சமவெளியில் வேர்க்காமல் இருந்தாலே பெரிய காரியம்.

நீங்கள் பார்க்க வேண்டியது சின்ன எழுத்தில் இருக்கும்: ஸ்டார்ட்டிங் கரண்ட் எவ்வளவு, பெட்ரோல் எத்தனை லிட்டர் வரை, டீசல் எத்தனை லிட்டர் வரை. டீசலைத் தனியாகச் சொல்லாத பெட்டியை டீசல் வண்டிக்காரர் தொடவே வேண்டாம். உங்கள் இன்ஜின் 1.5 லிட்டர் டீசல் என்றால் 2.5 அல்லது 3 லிட்டர் டீசல் வரை என்று எழுதியிருப்பதை எடுங்கள். இரண்டு வருஷத்தில் அதன் செல்கள் தேயும், அந்தத் தேய்மானத்துக்கு இடம் வேண்டும்.

அடுத்தது மில்லி ஆம்பியர் ஹவர் கணக்கு. அதில்தான் அதிகம் ஏமாற்று. 12000 என்று போட்டிருந்தால் அது ஒற்றை செல்லின் 3.7 வோல்ட்டில் சொன்ன கணக்கு. பெருக்கிப் பார்த்தால் 44.4 வாட் ஹவர், அதாவது உள்ளே சேர்த்து வைத்திருக்கும் மொத்த மின்சக்தி. உள்ளே மூன்று செல்லைத் தொடராக இணைத்துத்தான் 11.1 வோல்ட் எடுக்கிறார்கள், ஆகவே வண்டிக்குக் கிடைப்பது 4000 மில்லி ஆம்பியர் ஹவர்தான். வாட் ஹவரை மட்டும் வைத்து ஒப்பிடுங்கள். சின்ன பெட்ரோல் வண்டிக்கு 30-க்குக் குறையாமலும், டீசலுக்கு 50-க்கு மேலும் இருந்தால் நல்லது என்பது என் அனுபவம். பொய்யைப் பிடிக்கத் தராசே போதும். 30000 மில்லி ஆம்பியர் ஹவர் என்றால் 111 வாட் ஹவர். இன்றைக்குக் கிடைக்கும் நல்ல லித்தியம் செல்லிலும் அதற்குச் செல்லின் எடை மட்டுமே 400 கிராமைத் தாண்டிவிடும். மொத்தப் பெட்டியே 400 கிராம் என்று போட்டு 30000 என்று விற்றால், அப்படியே வைத்துவிட்டு நகருங்கள்.

இனி வெயில். சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையில் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டுப் போகும். கண்ணாடியை ஏற்றிவிட்டு வெட்டவெளியில் நிறுத்திய வண்டிக்குள் 60 டிகிரி சாதாரணம், டேஷ்போர்டின் மேல் அதற்கும் மேலே. சாதாரண லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது, சும்மா வைத்திருக்கவே 60 டிகிரிதான் எல்லை. முழுச் சார்ஜில் இருக்கும் செல் சூட்டில் இன்னும் சீக்கிரம் கெடும். போன கோடையில் வள்ளியூர்க்காரர் ஒருவர் கொண்டுவந்த பெட்டியின் இரண்டு ஓடுகளும் விளிம்பில் பிரிந்து, நடுவில் விரல் நகம் போகும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. உள்ளே வெள்ளிக் காகிதம் சுற்றிய செல்கள் மூன்றும் தலையணை மாதிரி உப்பியிருந்தன. பக்கத்தில் முகர்ந்தால் நெயில் பாலிஷ் போல இனிப்பான நெடி. பொத்தானை அழுத்தினால் நாலு விளக்கும் எரிந்தன, சார்ஜ் முழுசாக இருப்பதாகத்தான் அது சொன்னது. அதை அப்படியே வண்டியில் மாட்டி 200 ஆம்பியர் இழுத்திருந்தால் போனட்டுக்குள்ளேயே தீப்பற்றியிருக்கலாம்.

அதனால் வாங்கும்போதே உள்ளே இருப்பது என்ன வகை என்று பாருங்கள். மலிவான பெட்டிகளில் பெரும்பாலும் லித்தியம் பாலிமர். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்று எழுதியிருந்தால் விலையும் எடையும் கொஞ்சம் கூடும், ஆனால் சூட்டைத் தாங்கும், தீப்பிடிக்கும் வாய்ப்பும் குறைவு. நம்ம ஊருக்கு நான் சொல்வது இதைத்தான். மூன்றாவதாக சூப்பர் கெப்பாசிட்டர் வகை. இதில் பேட்டரியே கிடையாது. உங்கள் வண்டிப் பேட்டரியில் மிச்சமிருக்கும் கரண்டைச் சில நிமிடம் உறிஞ்சிச் சேர்த்து, ஒரே வீச்சில் திருப்பித் தரும். வருஷக்கணக்கில் வண்டியிலேயே கிடந்தாலும், உள்ளே 65 டிகிரி சூடு இருந்தாலும் கவலையில்லை. ராத்திரி முழுக்க விளக்கு எரிந்து பேட்டரி அடியோடு வற்றிவிட்டால், உறிஞ்ச எதுவும் இருக்காது. பவர் பேங்கையோ இன்னொரு வண்டியையோ வைத்து முதலில் அதற்குச் சார்ஜ் ஏற்ற வேண்டியிருக்கும். விலையும் அதிகம். வண்டியை வெயிலில் போட்டே ஆகவேண்டும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்பவர்களுக்கு அது சரி.

லித்தியம் வாங்கினால், கோடையில் வண்டியை நிறுத்தியதும் அதையும் கைப்பையோடு எடுத்துப் போங்கள். வீட்டில் நிழலில் வையுங்கள், நெடுந்தூரம் போகும்போது மட்டும் வண்டியில் ஏற்றுங்கள். வண்டியில் வைத்தே ஆகவேண்டுமென்றால் முன் சீட்டுக்கு அடியில் வைக்கலாம். டிக்கியில் வைக்காதீர்கள். இன்றைய வண்டிகள் பலவற்றில் டிக்கியின் பூட்டு கரண்டில்தான் திறக்கும். பேட்டரி இறங்கியதும் அதுவும் திறக்காது. வெளியே நீங்கள், உள்ளே ஜம்ப் ஸ்டார்ட்டர். ரிமோட் சாவிக்குள் ஒளிந்திருக்கும் சின்னச் சாவியை எப்படி உருவுவது, டிரைவர் கதவில் எந்த மூடியை நீக்கித் திறப்பது என்பதை இன்றைக்கே வீட்டு வாசலில் செய்து பார்த்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜைப் பார்த்து ஏற்றவும் வேண்டும்.

கிளிப்பையும் கையில் எடுத்துப் பாருங்கள், கடைக்காரர் கோபித்தாலும் பரவாயில்லை. மலிவான கிளிப்பில் இரண்டு தாடையில் ஒன்றில் மட்டும்தான் ஒயர் சேர்ந்திருக்கும். மற்றத் தாடை ஸ்பிரிங் வழியாகத்தான் கரண்ட் எடுக்கும், அது சூடாகும். தாடை தாமிரமா, முலாம் பூசிய இரும்பா என்று காந்தம் வைத்தால் தெரிந்துவிடும். கேபிளின் நடுவில் தொங்கும் சின்னப் பெட்டிதான் பாதுகாப்புச் சுற்று. பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்தாலும், இரண்டு கிளிப்பும் தொட்டுக்கொண்டாலும், சூடு ஏறினாலும் அதுதான் கரண்டைத் துண்டிக்கிறது. அது இல்லாமல் வெறும் கேபிள் வந்தால் வாங்காதீர்கள். இருட்டில், அவசரத்தில் ஒரு தடவை மாற்றிக் கொடுத்தால் இசியு என்ற இன்ஜின் கம்ப்யூட்டர், ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் டையோடு எல்லாம் போகும். அந்தப் பெட்டியில் 'பூஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அடியோடு வற்றிய பேட்டரியைச் சுற்று அடையாளம் காணாதபோது அழுத்துவதற்கு. அதை அழுத்தினால் பாதுகாப்பு விலகிவிடும் என்பதால், சிவப்பு பிளஸ்ஸில்தான் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் யாருடைய பதிவு என்று காட்டும்.

பயன்படுத்தும்போது சிவப்பைப் பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். கறுப்பை, பேட்டரிக்குத் தள்ளி இன்ஜினிலோ பாடியிலோ பெயிண்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். பேட்டரி விடும் ஹைட்ரஜனுக்குப் பக்கத்தில் பொறி பறக்கக்கூடாது. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் கிளிப் பிடிக்காது, முதலில் சுரண்டிவிடுங்கள். உவரி, கூடங்குளம் பக்கத்து வண்டிகளில் உப்புக்காற்றால் இது சீக்கிரம் வரும். டீசல் வண்டியில் சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் எரியும் சுருள் வடிவ விளக்கு அணையும் வரை பொறுங்கள். சாவியை ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், கிளம்பாவிட்டால் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். கிளம்பியதும் அரை நிமிடத்துக்குள் கழற்றிவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் அளவுக்குத் தள்ளும். மலிவான பெட்டிகளில் அது திரும்ப லித்தியத்துக்குள் பாய்ந்து செல்லைக் கெடுக்கும்.

கிளம்பிவிட்டது என்று சும்மா இருந்துவிடாதீர்கள், ஏன் இறங்கியது என்று பாருங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் அல்லது பெல்ட். அது சரியாக இருந்தால் நிறுத்திய வண்டியில் எங்கோ கரண்ட் ஒழுகலாம். 50 மில்லி ஆம்பியர் வரை சகஜம், ஆனால் அதுவே நாளுக்கு 1.2 ஆம்பியர் ஹவர். 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி இரண்டு வாரத்தில் பாதியாகிவிடும். மேலப்பாளையத்து வண்டிகள் இறங்குவது இதனால்தான். ராப்பகலாக ஓடும் டேஷ்கேம் 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் மூன்றே நாளில் அந்தக் கதி. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் மைனஸ் டெர்மினலைக் கழற்றிப் போட்டுவிடுங்கள், ஒரு ஸ்பேனர் போதும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு ஜம்ப் ஸ்டார்ட்டரை மாட்டவே கூடாது. 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி பெருகியபோது ஜங்ஷன், வண்ணார்பேட்டைப் பகுதிகளில் தண்ணீர் வடிந்ததும் பல பேர் அவசரப்பட்டார்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது இன்ஜினைச் சுற்றினால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளையும், இன்ஷூரன்ஸிலும் தகராறு வரும். மைனஸைக் கழற்றிவிட்டு, கட்டியிழுத்து ஒர்க்ஷாப்புக்கு அனுப்புங்கள்.

இன்ஜினுக்குத் துணையாகச் சின்ன மின்மோட்டார் உள்ள சில மைல்டு ஹைப்ரிட் வண்டிகளில் போனட்டுக்குள் ஒரு பேட்டரி, சீட்டுக்கு அடியில் லித்தியம் பேட்டரி இன்னொன்று என்று இருக்கும். சீட்டுக்கு அடியில் இருப்பதைத் தொடாதீர்கள். எலெக்ட்ரிக் காரிலும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு, அது இறங்கினாலும் வண்டி எழுந்திருக்காது. அதற்கு இன்ஜினைச் சுற்றும் வேலை இல்லாததால் சின்ன ஜம்ப் ஸ்டார்ட்டரே போதும், எங்கே மாட்டுவது என்பதை மட்டும் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரிக் காரை வைத்து அடுத்தவர் வண்டியைக் கிளப்ப மட்டும் போகாதீர்கள்.

உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தால் இன்றைக்கே எடுத்துச் சமதரையில் வைத்துப் பாருங்கள். ஆடினாலோ, ஓடு பிரிந்திருந்தாலோ, நெடி வந்தாலோ சார்ஜ் போடாதீர்கள், குத்தித் திறக்காதீர்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மணல் நிரப்பிய இரும்புத் தகரத்தில் வைத்து, வெயில் படாமல் வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, மின்கழிவு எடுப்பவரிடமோ பேட்டரிக் கடையிலோ கொடுங்கள். எங்கள் கடைக்குக் கொண்டுவந்தாலும் வாங்கி வைத்து, மொத்தமாக மறுசுழற்சிக்கு அனுப்பிவிடுகிறோம்.