ரூட்கிட் இருக்கிறதா என்று அந்தக் கணினியையே கேட்காதீர்கள்

"ஸ்கேன் பண்ணிட்டேன் சார், ஒண்ணுமில்லைன்னுதான் காட்டுது. ஆனா ஏதோ சரியில்லை." இப்படிச் சொல்லிக்கொண்டு லேப்டாப்பைக் கொண்டுவருபவர்கள் நிறைய. ரூட்கிட் என்பது கணினியின் ஆழத்தில் புகுந்து தன்னை மறைத்துக்கொள்ளும் தீய மென்பொருள். அதன் விஷயத்தில் அந்த "ஒண்ணுமில்லை"யை நான் நம்புவதில்லை. என்னென்ன ஓடுகிறது என்று டாஸ்க் மேனேஜர் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலிடம் கேட்கிறது. கெர்னலில் உட்கார்ந்திருக்கும் ரூட்கிட் பதிலிலிருந்து தன் பெயரை மட்டும் உருவிவிடுகிறது. ஆன்டிவைரஸுக்கும் இதே கதி நேரலாம்.

2005-இல் சோனி பிஎம்ஜி விற்ற பாட்டு சிடிக்களில் நகலெடுப்பதைத் தடுக்க வைத்த மென்பொருள் இதைத்தான் செய்தது. நிரல்கள் கேட்பதைச் செய்யும் கெர்னல் பகுதி எங்கே இருக்கிறது என்று காட்டும் சிஸ்டம் கால் அட்டவணையில் முகவரிகளை மாற்றி, குறிப்பிட்ட முன்னொட்டுடன் தொடங்கும் எந்தக் கோப்பையும் கண்ணில் படாமல் ஆக்கியது. விண்டோஸ் நிபுணர் மார்க் ருசினோவிச் அதைத் தன் கணினியிலேயே பிடித்தார். விண்டோஸ் தரும் கோப்புப் பட்டியலையும் டிஸ்க்கில் நேரடியாகப் படித்ததையும் ஒப்பிடும் கருவிதான் அவருக்குக் காட்டிக்கொடுத்தது. சில நாட்களில் வேறு ட்ரோஜன்களும் அதே முன்னொட்டை வைத்துக்கொண்டு அந்த மறைவில் ஒளிந்துகொண்டன.

இன்றைய 64-பிட் விண்டோஸில் அந்த அட்டவணையைத் தொட்டால் கெர்னலைக் காவல் காக்கும் பேட்ச்கார்டு கண்டுபிடித்துக் கணினியையே நிறுத்திவிடும். அதனால் இப்போது விண்டோஸ் நம்பும் டிஜிட்டல் கையெழுத்துள்ள, ஆனால் பாதுகாப்பு ஓட்டையுள்ள டிரைவர் ஒன்றை ஏற்றி அதன் வழியே நுழைகிறார்கள். வீடுகளுக்கு இது வரும் முக்கியமான வழி, காசு கொடுக்காமல் மென்பொருளை ஓட்ட உதவும் கிராக்கும் ஆக்டிவேட்டரும். "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு அட்மினாக ஓட்டுங்கள்" என்று எது கேட்டாலும் தயவுசெய்து ஓட்டாதீர்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸுக்குள் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது. கணினி ரீஸ்டார்ட் ஆகி, வழக்கமான விண்டோஸ் ஏறாமலேயே சுமார் 15 நிமிடம் சோதிக்கும். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீயை முன்பே எடுத்து வையுங்கள். அப்புறம் பூட் ஆகும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஏற்றும் செக்யூர் பூட், கோர் ஐசொலேஷனில் உள்ள, கெர்னலைக் காக்கும் மெமரி இன்டெக்ரிட்டி இரண்டும் ஆனில் இருக்கிறதா பாருங்கள். மெமரி இன்டெக்ரிட்டி ஆன் ஆக மறுத்தால், தடையாக இருக்கும் டிரைவரின் பெயரை அதுவே காட்டும். பழைய பிரின்டர் டிரைவராகவும் இருக்கலாம். எதுவென்று தெரியாமல் விட்டுவிடாதீர்கள்.

ஹூக்குகளை, அதாவது கெர்னலுக்குப் போகும் கேள்விகளை இடைமறிக்கும் மாற்றங்களை, பட்டியலிடும் கருவிகளை வீட்டில் ஓட்ட வேண்டாம் என்பேன். ஆன்டிவைரஸ்களும் ஹூக் போடும். சிவப்பாகத் தெரிந்ததையெல்லாம் அழித்தால் கணினி பூட் ஆகாமலே போகலாம்.

ரூட்கிட் இருப்பது உறுதியானால் சுத்தம் செய்ய முயல வேண்டாம். முதலில் வேறொரு சாதனத்திலிருந்து வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றுங்கள். படங்கள், ஆவணங்களை மட்டும் நகலெடுங்கள். இன்ஸ்டாலர் எதையும் எடுக்காதீர்கள். சுத்தமான இன்னொரு கணினியில் விண்டோஸ் பென்டிரைவ் தயாரித்து, பார்ட்டிஷன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிறுவுங்கள். 2018-இல் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டறிந்த லோஜாக்ஸ் என்ற ரூட்கிட் மதர்போர்டு சிப்பிலேயே தங்கியதால் ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாலும் போகாது. ஆனால் அது அரசு அமைப்புகளைக் குறிவைத்தது. வீட்டுக் கணினிக்குத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து, அந்தச் சிப்பில் இருக்கும் பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டால் போதும்.