சீடையின் எடை ஏன் கூடியது?

காரைக்குடிப் பக்கம் ஒரு பலகாரக் கூடம். சீப்புச் சீடை, தேன்குழல், மனகோலம் என்று போட்டு, பாக்கெட்டில் அடைத்து வெளியூருக்கு அனுப்புகிறார்கள். 200 கிராம் பாக்கெட்டை நிறுக்கும் மிஷின் சில நாளாக 203, 197, 206 என்று மனம்போன போக்கில் காட்டுவதாகக் கூப்பிட்டார்கள். நான் போனதும் ஆச்சி ஒரு கிண்ணத்தில் சீடையைப் போட்டுத் தட்டில் வைத்துக் காட்டினார். "சீடை வச்சது வச்சபடிதான் கெடக்கு. எடை மட்டும் எப்படித் தம்பி கூடுது?"

தட்டுக்கு அடியில் இருப்பது லோட் செல். ஒரு அலுமினியக் கட்டை, அதன்மேல் ஒட்டிய மெல்லிய உலோக இழைகள், அவ்வளவுதான். எடை ஏறினால் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், இழைகளின் மின்தடை மாறும். இந்த மிஷினில் லோட் செல்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால், முழு 5 கிலோவும் ஏறும்போது திரும்பி வருவது 10 மில்லிவோல்ட். அதாவது ஒரு கிராமுக்கு 2 மைக்ரோவோல்ட். டார்ச் பேட்டரியின் ஒன்றரை வோல்ட்டை ஏழரை லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய பேச்சைக் கேட்கிற காதுக்குப் பக்கத்தில் யார் கத்தினாலும் கெட்டது.

கத்துவது யார் என்று கண்டுபிடிக்க நாள் பிடிக்கவில்லை. மாவு பிசையும் மிஷினை நிறுத்தினால் எடை நிற்கிறது, ஓட்டினால் ஆடுகிறது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கப் போன மாதம்தான் அதற்கு டிரைவ் மாட்டியிருக்கிறார்கள். ஆனால் இங்கேதான் பலர் வழுக்கி விழுவார்கள். பிசையும் மிஷின் ஓடினால் தரையும் அதிரும், அதிர்வுக்கும் தராசு ஆடும். குற்றவாளி மின்சாரமா, அதிர்வா?

டிரைவை ஆன் செய்து, வேகத்தைப் பூஜ்யத்தில் வைத்தேன். மோட்டார் சுற்றாது, தரை அதிராது, ஆனால் டிரைவுக்குள் சுவிட்சிங், அதாவது கரண்டை வெட்டி வெட்டி விடுவது, நடந்துகொண்டே இருக்கும். மோட்டார் சூடாகும் என்பதால் ஒரு நிமிஷத்துக்கு மேல் இப்படி வைக்கக் கூடாது. அந்த ஒரு நிமிஷம் போதும். எடை 204-க்குப் போய் அங்கேயே நின்றது. அதிர்வுக்கு விடுதலை.

டிரைவ் செய்வது இதுதான். 415 வோல்ட் மூன்று ஃபேஸ் கரண்டை முதலில் ஏறக்குறைய 590 வோல்ட் டிசியாக மாற்றும். பிறகு அதை விநாடிக்குச் சில ஆயிரம் முறை வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்பும். ஒவ்வொரு வெட்டிலும் 590 வோல்ட் ஒரு மைக்ரோவிநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் ஏறி இறங்கும். மோட்டார் கேபிளுக்கும் அதைச் சுற்றியுள்ள இரும்புக்கும் இடையே வேண்டாமலே ஒரு கெபாசிட்டர், அதாவது ஒன்றையொன்று தொடாமலே துடிப்பைக் கடத்திவிடும் ஜோடி, உருவாகியிருக்கும். அது வெறும் 1 நானோஃபாரட் என்று வைத்தாலும், அந்த வேகத்தில் அதன் வழியாகக் கிட்டத்தட்ட 3 ஆம்பியர் துடிப்பு பாயும். இந்தத் துடிப்புக்கு ஒரே ஆசை, பிறந்த டிரைவுக்கே திரும்பிப் போவது. நாம் வழி காட்டாவிட்டால் அதுவாக ஒரு வழி தேடிக்கொள்ளும்.

அந்த வழியைக் காதால் தேடலாம். பழைய மீடியம் வேவ் ரேடியோவை எடுத்து, எந்த நிலையமும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்திக்கொண்டு கூடத்துக்குள் நடந்தேன். டிரைவ் பெட்டிக்குப் பக்கத்தில் கொர்ரென்றது, அது எதிர்பார்த்ததுதான். கேபிள் ட்ரேயில் மோட்டார் கேபிளும் லோட் செல் கேபிளும் ஆறு மீட்டர் தூரத்துக்கு ஒன்றாகச் சேர்த்துக் கட்டிக் கிடந்தன. அங்கேயும் இரைச்சல். ஆனால் நிறுக்கும் மிஷினின் இரும்புச் சட்டத்தில் வைத்தபோதும் ரேடியோ அலறியது. துடிப்பு அந்தச் சட்டத்தின் வழியாகத்தான் வீடு திரும்பிக்கொண்டிருந்தது.

லோட் செல்லைக் கழற்றிவிட்டு, கேபிள் முனையில் 350 ஓம் ரெசிஸ்டர் நான்கை லோட் செல் போலவே இணைத்தேன். எடையே உணராத அந்தப் போலிக்கும் எடை "கூடியது". லோட் செல்லின்மேல் பழி இல்லை. கேபிளில் ஏறும் அதிவேகத் துடிப்பை, லோட் செல்லின் மெல்லிய பேச்சைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபயரின் முதல் டிரான்சிஸ்டர்கள் டிசியாக மாற்றிவிடுகின்றன. அதனால்தான் எண் நடுங்குவதோடு நிற்காமல் ஓரிடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்துவிடுகிறது.

கூடத்து எலக்ட்ரீஷியன் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். செட்டிநாட்டுச் செம்மண் சித்திரையில் காய்ந்து கிடக்கும், ஷாக் அடிக்காமல் இருக்க அந்தத் தண்ணீர் அவசியம்தான். ஆனால் குழி 20 மீட்டர் தள்ளி. ஒயர் மீட்டருக்கு ஒரு மைக்ரோஹென்றி என்றால், ஒரு மெகாஹெர்ட்ஸ் துடிப்புக்கு அந்த ஒயரே 125 ஓம் தடை. குழி எவ்வளவு ஈரமாக இருந்து என்ன பயன்? இதைவிட மோசமான வைத்தியம், எர்த் ஒயரையே பிடுங்கிவிடுவது. சில இடங்களில் பார்த்திருக்கிறேன். எடை சரியாகலாம், ஆள் போய்விடுவார்.

வெளி இரைச்சலைத் தடுக்க, ஃபாரடே 1836-ல் காட்டிய உலோகக் கூண்டு இருக்கிறதே என்பார்கள். நம்மூர் சிக்ரி போன்ற மின்வேதியியல் ஆய்வகங்களில் நானோஆம்பியர் அளக்க அது சரிப்படும். இங்கே சீடையும் உள்ளே போக வேண்டும், கேபிளும் போக வேண்டும். கூண்டுக்குள் நுழையும் ஒவ்வொரு கேபிளும் இரைச்சலைக் கையோடு கூட்டிக்கொண்டு போகும்.

மோட்டார் கேபிளில் உலோக வலை உறை இருந்தது. மோட்டார் முனையில் அதை வெட்டி டேப் சுற்றி விட்டிருந்தார்கள். இரண்டு முனையிலும் உறையைச் சுற்றிவளைத்து இறுகப் பிடிக்கும் கிளாம்ப் போட்டோம். துடிப்புக்குப் பக்கத்திலேயே குறுக்கு வழி கிடைத்தது. லோட் செல் கேபிளை ட்ரேயிலிருந்து பிரித்து ஒரு முழத்துக்கு மேல் தள்ளிப் போட்டோம். டிரைவிலிருந்து வரும் மூன்று ஒயர்களையும் சேர்த்து, அதிவேகத் துடிப்பைத் தடுக்கும் ஃபெரைட் என்ற காந்தப்பொருள் வளையத்துக்குள் மூன்று முறை நுழைத்தோம். ஒரு முறை நுழைத்தால் கிடைக்கும் தடையைப்போல் இது சுமார் ஒன்பது மடங்கு.

ஆச்சி கிண்ணத்தை மறுபடி வைத்தார். பிசையும் மிஷின் முழு வேகத்தில் ஓட, எண் 200, 201, 200. அந்த ஒரு கிராம் மட்டும் போகவே இல்லை. அரைமணி நேரம் கேபிளையெல்லாம் தடவித் தடவிப் பார்த்தேன். கடைசியில் பாக்கெட் ஒட்டும் பெண் ஒருத்தி எழுந்துபோய் சீலிங் ஃபேனை நிறுத்தினாள்.