பழைய மியாட்டாவும் ஒரு ரப்பர் வளையமும்

டொராண்டோவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். முதல் வேலையில் சேர்த்து வைத்த காசில் 1992 மாடல் மாஸ்டா மியாட்டா ஒன்றை வாங்கியிருக்கிறார். இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த கார். முகப்பு விளக்குகள் தவளைக் கண் மாதிரி மேலே எழும்பி வரும். முந்தைய சொந்தக்காரர் ஆறு வருஷம் அதை ஓட்டாமல் மூடியே வைத்திருந்தாராம். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "எஞ்சின் உடனே ஸ்டார்ட் வருது அண்ணா. ஆனால் பத்து நிமிஷம் ஓடினால் முன் வலதுபக்கச் சில்லில் இருந்து கருகின மணம் வருது, காரும் வலப்பக்கம் இழுக்குது. அம்மா கண்ணூறு எண்டு சொல்லி தேசிக்காய் வைக்கச் சொன்னா. வச்சுப் பார்த்தன், மணம் போகேல்லை. எஞ்சினைக் கழட்ட வேணுமோ?"

வேண்டாம் தம்பி. எஞ்சின் பக்கமே போக வேண்டாம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் புதியவர்கள் எல்லோரும் முதலில் பானெட்டைத்தான் திறக்கிறார்கள். மியாட்டாவைப் பொறுத்தவரை அங்கே பயப்பட அதிகம் இல்லை. 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான வண்டி. எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. ஆரம்ப மாடல்களில் 1.6 லிட்டர் எஞ்சின். டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாத சாது. 2016-இல் பத்து லட்சமாவது மியாட்டா வெளிவந்தது. அதனால் உதிரி பாகத்துக்கும் பஞ்சமில்லை. துரு மட்டும் பெரிய எதிரி. துணிக் கூரையின் ஓரத்தில் மழைநீர் வடியும் துளைகள் குப்பையால் அடைத்துக்கொண்டால், தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள பெட்டிப் பகுதிக்குள் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுகிற ஊரில் கேட்கவே வேண்டாம். அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது சக்கரத்துக்கு வருவோம்.

டிஸ்க் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பது பள்ளிப் பாடம். பெடலை மிதித்தால் குழாயில் உள்ள திரவத்தில் அழுத்தம் கூடுகிறது. பாஸ்கல் விதிப்படி அந்த அழுத்தம் எல்லாச் சக்கரங்களுக்கும் போய், டிஸ்க்கின் ஓரத்தில் கவ்வி மாதிரி உட்கார்ந்திருக்கும் காலிப்பருக்குள் உள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பேட் எனப்படும் உராய்வுக் கட்டையைத் தள்ள, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைப் பேடுகள் இருபுறமும் கவ்வுகின்றன. வண்டியின் இயக்க ஆற்றல் முழுக்க வெப்பமாக மாறுகிறது. ஆயிரம் கிலோ வண்டியை 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தினால் வெளிவரும் வெப்பம், ஒரு லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். அதுவும் மூன்று நான்கு நொடிக்குள். சரி, இவ்வளவும் தெரிந்ததுதான்.

ஆனால் ஒரு கேள்வியைப் பள்ளியில் யாரும் கேட்பதில்லை. காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னால் இழுப்பது யார்?

சைக்கிள் பிரேக்கில் ஸ்பிரிங் இருக்கிறது. டிரம் பிரேக்கைத் திறந்தால் ஸ்பிரிங்குகள் தெறித்து விழும். மியாட்டாவின் முன் காலிப்பரைப் பிரித்து ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பிப் பாருங்கள். ஒரு வார்ப்பிரும்புக் கூடு, கிண்ணம் மாதிரி ஒரு பிஸ்டன், தூசி புகாமல் இருக்க ஒரு மடிப்பு உறை, வளையல் அளவில் ஒரு ரப்பர் சீல். பிஸ்டனை இழுக்கிற ஸ்பிரிங் எங்கேயும் கிடையாது. திரவமும் இழுப்பதில்லை, அழுத்தம் போனால் அது தள்ளுவதை நிறுத்துகிறது, அவ்வளவுதான்.

இழுப்பது அந்த ரப்பர் வளையம். கசிவைத் தடுக்க வைத்திருப்பதாக எல்லோரும் நினைக்கும் அதே வளையம்.

அதன் வடிவத்தைக் கவனியுங்கள். குறுக்கே வெட்டினால் வட்டமாக இருக்காது, சதுரமாக இருக்கும். அது உட்காரும் காடி, அதாவது பள்ளம், காலிப்பரின் சுவரில் வெட்டப்பட்டிருக்கிறது, பிஸ்டனில் அல்ல. காடியின் ஒரு விளிம்பு மட்டும் லேசாகச் சரித்து வெட்டப்பட்டிருக்கும். ஏன் என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், உங்கள் கையே போதும். இடது முன்கையில் வலது விரலை அழுத்தி வைத்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்த்துங்கள். விரல் வழுக்கவில்லை, தோல்தான் கூடவே இழுபட்டு வருகிறது. விரலைத் தளர்த்தினால் தோல் தன் இடத்துக்குத் திரும்பும்போது விரலையும் சேர்த்துக் கொண்டுவரும். இப்போது இன்னும் தூரம் தள்ளுங்கள். ஒரு கட்டத்தில் தோல் இனி வராது, விரல் அதன்மேல் வழுக்கி முன்னே போகும். அங்கே தளர்த்துங்கள். விரல் கிளம்பிய இடத்துக்குத் திரும்புவதில்லை. தோல் இழுபட்ட அந்த இரண்டு மில்லிமீட்டர் மட்டும் பின்வாங்கி நிற்கிறது.

விரல்தான் பிஸ்டன், தோல்தான் சீல். பிரேக்கை மிதிக்கும்போது பிஸ்டன் முன்னே போக, அதை இறுகப் பற்றியிருக்கும் சீல் காடியின் சரிந்த விளிம்புப் பக்கம் சாய்கிறது. சரிவு இருப்பதே அது சாய இடம் கொடுக்கத்தான். காலை எடுத்ததும் சீல் நிமிர்கிறது. பிஸ்டனும் கூடவே பின்வருகிறது. எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு. ஒன்றிரண்டு காகிதத்தின் தடிமன். அந்தக் காகித அளவு இடைவெளியில்தான் டிஸ்க் சுதந்திரமாகச் சுற்றுகிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. பேட் தேயத் தேய பிஸ்டன் அதிக தூரம் வர வேண்டும் அல்லவா? வருகிறது. சீல் சாயக்கூடிய அளவு முடிந்ததும் பிஸ்டன் அதற்குள் வழுக்கி இன்னும் கொஞ்சம் முன்னேறுகிறது. திரும்பும்போது மட்டும் பழைய அளவே திரும்புகிறது. பேட் புதிதாக இருந்தாலும் பாதி தேய்ந்திருந்தாலும் இடைவெளி அதேதான். டிரம் பிரேக்கில் இந்த வேலைக்குப் பல் சக்கரம், நெம்புகோல் என்று ஒரு குடும்பமே வைத்திருப்பார்கள். இங்கே ஒரு வளையம் கசிவைத் தடுக்கிறது, ஸ்பிரிங்காக இழுக்கிறது, தேய்மானத்தை அளந்து சரிசெய்கிறது. விலையைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

பேட் தேய்ந்து பிஸ்டன் முன்னே நிற்கும்போது அதன் பின்னால் அதிகத் திரவம் போய் நிற்கும். அதனால் மேலே பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் திரவ டப்பாவில் மட்டம் மெல்ல இறங்கும். கசிவு இல்லாவிட்டாலும் இறங்கும். இது தெரியாமல் யாரோ நிரப்பி வைத்துவிட்டு, பிறகு புதுப் பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளினால் டப்பா வழிந்து பெயின்ட் உரிந்துவிடும். பழைய கார்களின் பானெட்டுக்குள் அப்படி உரிந்த தடம் அடிக்கடி பார்க்கலாம்.

சரி, ரப்பர் ஏன் நிமிர்கிறது? இரும்பு ஸ்பிரிங்கில் அணுக்களுக்கு நடுவே உள்ள பிணைப்புகள் இழுபட்டுத் திரும்புகின்றன. ரப்பரில் கதை வேறு. நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் இடியாப்பம் மாதிரி தாறுமாறாகச் சுருண்டு கிடக்கின்றன. அங்கங்கே ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டிருக்கின்றன. இழுத்தால் வரிசையாக நீள்கின்றன. ஆனால் வெப்பத்தால் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஓயாமல் துள்ளிக்கொண்டிருப்பதால், விட்டதும் மறுபடி குழம்பிச் சுருண்டுவிடுகின்றன. ஒழுங்காக இருக்க ஒரு வழி, குழப்பமாக இருக்க ஆயிரம் வழி என்பதே காரணம். ஒரு ரப்பர் பேண்டைச் சட்டென்று இழுத்து மேலுதட்டில் வையுங்கள், சூடு தெரியும். 1805-இலேயே ஜான் கஃப் என்ற ஆங்கிலேயர் இதைக் கவனித்து எழுதினார். அவர் கண் பார்வையற்றவர்.

துள்ளல் குறைந்தால் நிமிர்வதும் தாமதிக்கும். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் சிதறியதற்குக் காரணம், குளிரில் விறைத்துப்போன ரப்பர் வளையங்கள் நேரத்துக்கு நிமிராததுதான். விசாரணையில் இயற்பியலாளர் ஃபைன்மன் ஒரு துண்டு ரப்பரைக் கவ்வியில் நெரித்து ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்துக் காட்டினார். அது உடனே பழைய வடிவத்துக்கு வரவில்லை.

மியாட்டாவில் ரப்பரை விறைக்க வைப்பது குளிரைவிட வயது. முப்பது வருஷ வெப்பமும் ஆக்சிஜனும் சங்கிலிகளுக்கு நடுவே புது முடிச்சுகளைப் போட்டிருக்கும். ரப்பர் கெட்டியாகி, கிடந்த வடிவத்திலேயே பழகிவிடும். நிமிரவும் தெரியாது, சாயவும் தெரியாது. இதோடு துரு சேர்ந்துகொள்ளும். நாம் பிரேக் ஆயில் என்று சொல்வது எண்ணெயே அல்ல. கிளைக்கால் வகையைச் சேர்ந்த திரவம். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி, 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்குகிறது. கொதித்தால் குமிழி, குமிழி இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிப் போகும்.

இந்தப் பாடத்தை நான் கொல்லிமலையின் எழுபது கொண்டையூசி வளைவுகளில் இறங்கும்போது கற்றேன். பாதி மலையில் பெடல் தரையைத் தொட்டது. முதல் கியரிலும் ஹேண்ட் பிரேக்கிலும் ஊர்ந்து வந்தேன். அந்த மாதம்தான் ஒரு பட்டறையில் "ஆயில் மாத்தியாச்சு சார்" என்று சொல்லிக் காசு வாங்கியிருந்தார்கள். கண்ணாடியில் எலுமிச்சையும் மிளகாயும் அன்றும் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. அம்மாக்களின் அக்கறையை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் பூஜைக்கு நாள் பார்க்கிற நாம் பிரேக் திரவத்துக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு நாள் பார்க்கலாம்.

அந்த ஈரம் சீலுக்குப் பின்னால் காடியில் துருவை வளர்க்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். சீலைப் பின்னாலிருந்து நெருக்கிப் பிஸ்டனோடு இறுக்கும். ஆறு வருஷம் அசையாமல் நின்ற வண்டியில் இது நடக்காவிட்டால்தான் ஆச்சரியம். காகித அளவு இடைவெளி போய்விடும். பேட் உரசிக்கொண்டே ஓடும். கருகல் வாடை அதுதான்.

உராய்வு, தேய்மானம், ரப்பரின் முதுமை: இவையெல்லாம் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டுப் போனால் யாரும் நிமிர்ந்து பார்க்காத துறைகள் என்பது என் கருத்து. 1966-இல் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு, உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தால் பிரிட்டன் வருஷத்துக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சப்படுத்தலாம் என்று அரசுக்குக் கணக்குக் கொடுத்தது. நம் ஊரில் அப்படி ஒரு கணக்கைப் போடவும் காசு கொடுக்க வேண்டும்.

இனி வேலை. வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகே சக்கரத்தைக் கழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அருகே கையை நீட்டாதீர்கள். ஒருவரைப் பிரேக்கை மிதித்து விடச் சொல்லி, டிஸ்க்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லையா? காலிப்பரில் திரவத்தையும் காற்றையும் வெளியேவிட வைத்திருக்கும் பிளீடர் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். திரவம் பீறி வந்து டிஸ்க் விடுபட்டால் அழுத்தம் எங்கோ மாட்டியிருக்கிறது. பெரும்பாலும் உள்ளே வீங்கிய பழைய ரப்பர் ஹோஸ். திருகைத் திறந்தும் இறுக்கமாகவே இருந்தால் பிஸ்டன், அல்லது காலிப்பர் நகரும் பின்கள். பின்கள் என்றால் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தால் முடிந்தது.

பிஸ்டன் என்றால் ஹோஸைக் கழற்றுவதற்கு முன்பே பெடலை மிதித்து அதைப் பெரும்பாலும் வெளியே கொண்டுவந்துவிடுங்கள். எதிரே ஒரு மரக்கட்டை இருக்கட்டும், விரல் இருக்க வேண்டாம். பழைய சீலை மரக்குச்சியால் நெம்புங்கள். ஸ்க்ரூடிரைவர் காடியைக் கீறிவிடும். காடித் துருவைச் சுரண்டி எடுங்கள். பிஸ்டனில் குழி விழுந்திருந்தால் புதிது வாங்குங்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமாளிக்க வேண்டாம்.

புதுச் சீலைப் புதிய பிரேக் திரவத்தில் நனைத்து மாட்டுங்கள். எஞ்சின் ஆயில், பெட்ரோல், சாதாரண கிரீஸ் எதுவும் அருகே வரக் கூடாது. இந்தச் சீல் ஈபிடிஎம் என்ற ரப்பர். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி வீங்கும். இதற்கென்று விற்கும் சிவப்பு ரப்பர் கிரீஸ் விளக்கெண்ணெயிலிருந்து செய்தது. ஆதிகாலப் பிரேக் திரவமும் விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்ததுதான். பாட்டி வயிற்றுக்குக் கொடுத்ததை வெள்ளைக்காரன் காருக்குக் கொடுத்தான்.

ஒரு பக்கத்தை முடித்துவிட்டே மறுபக்கத்தைப் பிரியுங்கள். எது எங்கே என்று மறந்தால் எட்டிப் பார்க்க ஒன்று முழுதாக இருக்கும். பின் காலிப்பர்களைச் செய்யும்போது பிஸ்டனைக் கவ்வி போட்டு நெரிக்காதீர்கள். ஹேண்ட் பிரேக்குக்காக உள்ளே ஒரு திருகு இருக்கிறது. பின்புற போல்ட்டைக் கழற்றி, அதன் உள்ளே 4 மில்லிமீட்டர் ஆலன் சாவியைவிட்டுச் சுற்றினால்தான் பிஸ்டன் உள்ளே போகும். இதை அறியாமல் கவ்வியை உடைத்தவர்கள் உண்டு.

கடைசியாகக் காற்று முழுக்க வெளியேறும்வரை பிளீட் செய்து, பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதித்துவிட்டு, தெருவில் இறங்குவதற்கு முன் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். பிறகு பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு நான்கு டிஸ்க்கிலும் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். விரலால் தொட வேண்டாம். முன் இரண்டிலும் ஒரே மாதிரி சீறினால் சரி. வலதில் மட்டும் சீறினால் மறுபடி பிரிக்க வேண்டியதுதான். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றும்போது மெல்லிய உரசல் சத்தம் கேட்கும். அதற்காக இன்னொரு கடிதம் எழுத வேண்டாம் தம்பி. இடைவெளி காகித அளவுதானே, அந்தச் சத்தம் இருக்கும்.