கடலோர வீட்டு கேக்கும் கொடுத்தனுப்பும் டப்பாவும்

மார்கழி பிறந்தால் புதுச்சேரியிலும் கடலூரிலும் பல வீடுகளிலிருந்து கேக் வாசனை வரும். மூன்றாம் நாள் அதே வீடுகளிலிருந்து ஒரு புலம்பலும் வரும்: "நல்லாத்தான் வெந்துச்சு, ஆனா அடியில வெள்ளையா பூத்துடுச்சு." முட்டையைக் குறை சொல்வார்கள், இல்லையென்றால் பேக்கிங் பவுடரை. பெரும்பாலும் இரண்டின் மீதும் தப்பில்லை. வெதுவெதுப்பு அடங்கும் முன்பே டப்பாவில் போட்டு மூடியதுதான் வினை.

வெந்து வெளியே வரும் கேக்கின் நடுப்பகுதி 96, 97 டிகிரி செல்சியஸில் இருக்கும். அந்தச் சூட்டில் பூசணம் பிழைக்காது. அது பிறகுதான் வந்து சேர்கிறது: காற்றிலிருந்து, கத்தியிலிருந்து, சரியாகக் காயாத டப்பாவிலிருந்து. மூடிய டப்பாவுக்குள் ஆவி எழும்பி, மூடியில் நீராகக் கோத்து, கேக்கின் தலையில் சொட்டும். அடியிலும் ஈரம் தேங்கும். பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்? வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வெளிக்காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால், கோடையில் தப்பித்த தவறு டிசம்பரில் தப்பிக்காது.

8 அங்குல கேக் என்றால் டின்னிலேயே 10 நிமிடம், பிறகு கம்பித் தட்டில் குறைந்தது மூன்று மணி நேரம். கம்பித் தட்டு இல்லையென்றால் பெரிய சல்லடையைக் கவிழ்த்து அதன்மேல் வைக்கலாம்; அடியில் காற்று ஓடினால் போதும். மேலே மெல்லிய துணி போர்த்துங்கள். மேற்புறத்தைத் தொட்டுப் பார்த்து ஆறிவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். கேக்கைத் தூக்கி அடிப்பாகத்தின் நடுவில் கையை வைத்துப் பாருங்கள். கடைசியில் ஆறுவது அந்த இடம்தான்.

நாமே சாப்பிடச் செய்வதற்கும் கொடுத்தனுப்பச் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் இதில்தான் இருக்கிறது. நம் வீட்டில் சுடச்சுடத் தீர்ந்துவிடும். அடுத்த வீட்டில் அது எப்போது வாய்க்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. சாயங்காலம் கொடுத்ததை மறுநாள் மதியம்கூடப் பிரிப்பார்கள். ஆகவே கொடுக்கும் பண்டத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, அது எங்கே போகப் போகிறது என்ற கணக்குதான் முதலில் போட வேண்டியது. இனிப்பு கூடுதலா குறைவா என்பதெல்லாம் அப்புறம்.

வெண்ணெய்க்கு வருவோம். ‘அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்’ என்று குறிப்புகளில் எழுதியிருப்பது 20 டிகிரி அளவில் இருக்கும் குளிர்நாட்டு அறையை வைத்து. மே மாதம் நம் சமையலறை 33 டிகிரியைத் தாண்டும்; அங்கே வெளியில் வைத்த வெண்ணெய் இளகுவதில்லை, உருகுகிறது. வெண்ணெயையும் சர்க்கரையையும் அடிப்பதே காற்றுக் குமிழ்களை உள்ளே பிடித்து வைக்கத்தான். உருகிய வெண்ணெயில் குமிழ் நிற்காது. கேக் கனமாக வரும், அடியில் களி மாதிரி ஒரு பட்டை விழும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சின்னத் துண்டுகளாக வெட்டிப் பத்து நிமிடம் வைத்தால் போதும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரலில் எண்ணெய்ப் பளபளப்பு ஒட்டக்கூடாது. அடிக்கும்போதே இளகி ஓடினால் பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் ஐந்து நிமிடம் உட்கார வைத்துவிட்டுத் தொடருங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்த முட்டையை ஊற்றினால் கலவை திரிந்த பால் போல ஆகும். ஒரு கரண்டி மாவு சேர்த்து அடித்தால் கூடி வந்துவிடும், பயப்பட வேண்டாம்.

இனி விவிகம் கேக். புதுச்சேரிக் கிறிஸ்தவ வீடுகளின் கிறிஸ்துமஸ் கேக் இது. மைதா கிடையாது, ரவைதான். கொடுத்தனுப்ப இதைவிடத் தோதான கேக் நமக்கு அமையாது: வெண்ணெயும் சர்க்கரையும் ரம்மில் ஊறிய உலர்பழமும் நிறைய இருப்பதால் சாதாரண ஸ்பாஞ்ச் கேக்கைவிட நாள் தாங்கும். வீட்டுக்கு வீடு அளவு மாறும். கையாள எளிதான ஒரு கணக்கு இது: ரவை, வெண்ணெய், சர்க்கரை மூன்றும் தலா 250 கிராம், முட்டை 6, ஊறிய பழம் 250 கிராம், முந்திரி 100 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, ஏலக்காய், ஜாதிக்காய் உங்கள் விருப்பம்.

ரவையை இரண்டு மேசைக்கரண்டி நெய்யில் சிறு தீயில் வாசனை வரும்வரை வறுத்து முழுக்க ஆறவிடுங்கள், நிறம் மாறக்கூடாது. வெண்ணெயுடன் 200 கிராம் சர்க்கரையை அடித்து, மஞ்சள் கருவை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ரவையைக் கலந்து இரண்டு மணி நேரம் ஊறவிட வேண்டும். இந்த ஊறலைத்தான் நிறைய பேர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். கேக் மணல் மாதிரி நறநறப்பது அதனால்தான். பச்சை முட்டை சேர்ந்த மாவு என்பதால் ஊறுவது ஃப்ரிட்ஜில் நடக்கட்டும். எடுத்து இருபது நிமிடம் கழித்துப் பழம், முந்திரி, பேக்கிங் பவுடர் சேருங்கள். வெள்ளைக் கருவை மீதி 50 கிராம் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, மூன்று தவணையாக, கீழிருந்து மேலாக மடித்துக் கலக்குங்கள். சுற்றிச் சுற்றிக் கிளறினால் நுரை செத்துவிடும்.

8 அங்குல அகலம், 3 அங்குல உயர டின்னில் இரண்டு சுற்று பட்டர் பேப்பர் போட்டு 160 டிகிரியில் 70 முதல் 80 நிமிடம். 45 நிமிடத்துக்கு மேல் முகம் சிவந்தால் ஃபாயில் தாளைத் தளர்வாக மூடுங்கள். கொடுப்பதற்கென்றே செய்வதானால் இரண்டு 6 அங்குல டின்னில் சுடுவது மேல். 50 நிமிடத்தில் பார்க்க ஆரம்பிக்கலாம், முழுசாகக் கொடுத்தால் வெட்டிய முகத்தில் ஈரமும் கைபடுதலும் இல்லை. முகம் எரிமலை மாதிரி வெடித்தால் சூடு அதிகம். ஓடிஜி என்கிற மின்சார அவனின் திருகில் 160 என்று இருந்தாலும் உள்ளே 180 இருக்கலாம். உள்ளே வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கினால் பாதிக் குழப்பம் தீரும். நடு அமுங்கினால் ஒன்று வேகவில்லை, இல்லை பாதியில் கதவைத் திறந்திருக்கிறீர்கள், இல்லை பேக்கிங் பவுடர் கூடிவிட்டது. பழம் எல்லாம் அடியில் போய்ச் சேர்ந்தால் ஊறிய பழத்தை வடிக்காமல் போட்டிருப்பீர்கள்.

பழம் ஊறவைப்பதில் ஒரு எச்சரிக்கை. நம் கடைகளில் கிடைக்கும் ரம் வழக்கமாக 42.8 சதவீத ஆல்கஹால் கொண்டது. அதில் முழுக்க அமிழ்ந்த உலர்பழம் மாதக் கணக்கில் கெடாது. ஆனால் ‘எங்க வீட்டுல ரம் ஆகாது’ என்று ஆரஞ்சுச் சாறில் ஊறவைப்பவர்கள் அதே குறிப்பைப் பார்த்து அதையும் மூன்று வாரம் மேடையில் வைத்துவிடுகிறார்கள். சாறில் காக்கும் சக்தி எதுவும் இல்லை. மூன்றாம் நாள் குமிழ் விடும், புளித்த வாடை வரும், அப்புறம் பூசணம். சாறு என்றால் ஃப்ரிட்ஜில் ஓர் இரவு, அவ்வளவுதான். அந்தக் கேக்கின் ஆயுளும் குறைவு: வெளியே இரண்டு நாள், அதன்பிறகு ஃப்ரிட்ஜ். ரம் சேர்த்ததை, நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் வெளியே வைக்கலாம்.

முந்திரி விஷயத்தில் நமக்குக் கொடுப்பினை. பண்ருட்டி பக்கத்தில் இருக்கிறது. கேக்குக்கு முழுப் பருப்பு வேண்டாம், உடைந்த பருப்பு போதும், விலையும் குறைவு. ஆனால் வாயில் ஒன்றைப் போட்டு மென்று பாருங்கள். காறல் அடித்தால் எத்தனை ஏலக்காய் போட்டாலும் மறையாது. தோட்டத்திலிருந்து ஓட்டோடு வந்த கொட்டையை வீட்டு வாணலியில் வறுத்து உடைக்கும் வேலை மட்டும் வேண்டாம். ஓட்டின் எண்ணெய் தோலைப் பொசுக்கும், புகையும் கண்ணைத் தாக்கும்.

ஓடிஜி இல்லாதவர்கள் குக்கரில் சுடுகிறார்கள். தண்ணீர் இல்லாமல் பிரஷர் குக்கரை முக்கால் மணி நேரம் சூடாக்கினால் அடி வளைந்து போகும், மறுபடி மூடி சரியாகப் பொருந்தாது. அடி கனத்த பழைய அலுமினியப் பாத்திரமே போதும். ஒரு கிலோ கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட் வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடேற்றிவிட்டு டின்னை வையுங்கள். மூடியில் கோக்கும் நீர் கேக்கில் விழாமல் இருக்க மூடியை உலர்ந்த துணியால் சுற்றி, துணியின் முனைகளை மேலே தூக்கி முடிச்சுப் போட்டுவிடுங்கள். தொங்கினால் நெருப்புப் பிடிக்கும்.

கலவைப் பாத்திரத்தைக் குழந்தைகள் வழித்து நக்குவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், வேகாத மாவிலும் கிருமி இருக்கலாம். நக்க வேண்டுமானால் சாக்லேட் உருக்கிய பாத்திரத்தைக் கொடுங்கள்.

கேக்குக்கு நேர் எதிரான பண்டம் கார்த்திகைப் பொரி உருண்டை. கேக் தன் ஈரத்தை வெளியே விடுகிறது. பொரி வெளி ஈரத்தை உள்ளே இழுக்கிறது. கார்த்திகை தீபம் வருவதோ சரியான மழைக்காலத்தில். 6 கப் அரிசிப் பொரிக்கு 150 கிராம் வெல்லம், கால் கப் தண்ணீர். பொரி நமத்திருந்தால் வெறும் வாணலியில் மூன்று நிமிடம் சிறு தீயில் புரட்டி ஆறவிடுங்கள். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, மீண்டும் அடுப்பேற்றிக் காய்ச்சுங்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். கேட்கும் முன் இறக்கினால் உருண்டை மறுநாளே பிசுபிசுக்கும், காரணம் பாகில் மிச்சம் நின்ற தண்ணீர். தேங்காய்ப் பல்லை நெய்யில் பொன்னிறமாக வறுத்துத்தான் போட வேண்டும். பச்சையாகப் போட்டால் இரண்டாம் நாள் சிக்கு வாடை. கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு பிடித்து, ஆறிய உடனே டப்பாவில் அடைத்துவிடுங்கள். கேக்கை மூன்று மணி நேரம் காற்றில் விடச் சொன்னதை நினைத்து இதையும் விட்டுவிடாதீர்கள்.

கோடையில் பண்ருட்டிப் பலா. சுளையாகக் கொடுத்தால் அன்றே தீர்க்க வேண்டும். ஒரு கிலோ சுளையை அரைத்து 400 கிராம் வெல்லம், 100 கிராம் நெய்யோடு, அடி கனத்த பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிளறினால் இரண்டு வாரம் ஃப்ரிட்ஜில் நிற்கும். பாதியில் கை வலித்து இறக்கியவர்களுக்குத்தான் அது நாலாம் நாள் புளிக்கிறது. கேக்கில் பலா போட விரும்பினால் பச்சைச் சுளையை அரைத்து ஊற்றாமல் இந்தக் கிளறலில் 150 கிராம் சேருங்கள். பச்சைச் சுளையில் முக்கால் பங்குக்கு மேல்கூடத் தண்ணீர் இருக்கலாம், கேக் வேகவே வேகாது.

பால், க்ரீம், சோறு சேர்ந்த பண்டங்களுக்குக் கடிகாரம் வேறு. க்ரீம் கேக், கேரமல் கஸ்டர்ட், சர்க்கரைப் பொங்கல் எதுவானாலும் வெளியே இரண்டு மணி நேரம். 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பைக்கில் க்ரீம் கேக் எடுத்துப் போவதானால் பயண நேரமும் அதில் சேர்த்தி, ஐஸ் பொட்டலம் வைத்த பெட்டி கட்டாயம். "சூடு பண்ணிட்டா சரியாயிடும்" என்பது தவறான நம்பிக்கை. சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ், விரல் புண்ணிலிருந்து வரும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆகியவை விட்டுச் செல்லும் நஞ்சு கொதித்தாலும் அழியாது. கையில் வெட்டுக்காயம் இருப்பவர் பால் இனிப்பு பிடிக்க வேண்டாம், கட்டுப் போட்டு மேலே கையுறை மாட்டினால் மட்டும் சரி. மீந்த பொங்கலை அகலத் தட்டில் மெல்லியதாகப் பரப்பிச் சீக்கிரம் ஆற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். அண்டாவோடு வைத்தால் நடுப்பகுதி நெடுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

கொடுக்கும்போது டப்பாவின் மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: செய்த தேதி, எப்போதுக்குள் சாப்பிட வேண்டும், முட்டை, ரம், முந்திரி, தேன் இருக்கிறதா. சுட்ட பிறகும் ரம்மின் ஆல்கஹால் கொஞ்சம் தங்கும். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் கொடுக்குமுன் அவர்கள் தெரிந்துகொள்ளட்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு முழு முந்திரி தொண்டையில் சிக்கும். சைவ வீட்டுக்கு முட்டை கேக்கைச் சொல்லாமல் கொடுத்துவிட்டுப் பிறகு சங்கடப்படுவதும் நடக்கிறது.

நாளிதழில் பொட்டலம் கட்டாதீர்கள். உணவை நாளிதழில் சுற்றுவதை 2018-ஆம் ஆண்டின் உணவு பேக்கேஜிங் விதிகளே தடுக்கின்றன. சூடும் நெய்யும் பட்டால் மை இறங்கும். ஸ்டேப்ளர் பின்னும் வேண்டாம், நூல் கட்டுங்கள். வாழை இலையில் சுற்றுவதானால் இலையைத் துடைத்து, அனலில் வாட்டி ஈரம் போக்கியபின்.

டப்பா சில நாளில் திரும்பி வரும். நம்மூர் வழக்கப்படி வெறும் டப்பாவாக வராது, ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கும். அதைக் கழுவி வைக்கும்போது மூடியிலுள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றுங்கள். போன முறை பூசணம் அந்தப் பள்ளத்தில்தான் உட்கார்ந்திருக்கும். வளையத்தைத் தனியாகத் தேய்த்துக் கழுவி, ஒரு மதியம் முழுக்க வெயிலில் காயவைத்து, அடுத்த கேக் சுடும் நாளில் மாட்டிக்கொள்ளுங்கள்.